வால்ஹெய்ம் விளையாட்டில் பாத்திரத்தின் தோற்றத்தை மாற்றுவது எப்படி: மலையிலிருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வால்ஹெய்மில் பாத்திரம் உருவாக்கும்போது முடி, தாடி, தோல் நிறம், ஆணா பெண்ணா என்று சிலவற்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதற்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால் மோட், அதாவது கேமை மாற்றுவதற்காக ரசிகர்கள் எழுதிய கூடுதல் நிரல், போட வேண்டும். மோட் போடுவது பற்றி ஆங்கிலத்தில் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவை எல்லாம் கரண்ட் போகாத வீட்டில், நிற்காத இணையத்தோடு உட்கார்ந்திருப்பவருக்காக எழுதியவை. பதிவிறக்கம் பாதியில் அறுந்தால் என்ன செய்வது, கேம் சேமித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாத்திரம் என்ன ஆகும் என்பதையெல்லாம் அவற்றில் தேடிப் பயனில்லை. கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் குடியிருப்பில் இருந்துகொண்டு இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

கீழே சொல்வது ஸ்டீம் என்ற இணையக் கேம் கடை வழியாக வாங்கிய, விண்டோஸ் கணினியில் ஓடும் வால்ஹெய்முக்கு. எக்ஸ்பாக்ஸில் விளையாடுபவர்களுக்கு இந்த வழி பொருந்தாது.

1. எவ்வளவு மாற்றம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பிலேயே உடல் முழுவதையும் மாற்றும் மோடைத் தேடிப் போகிறார்கள். அதுதான் இருப்பதிலேயே கடினமானது. அதில் சிக்கி, எது எங்கே கெட்டது என்று தெரியாமல், ஆசையையே விட்டுவிடுகிறார்கள்.

முடியும் தாடியும் மட்டும் மாறினால் போதும் என்றால் மோடே தேவையில்லை. ஹில்டிர் என்ற வியாபாரியைக் கண்டுபிடித்து முடிதிருத்தும் பெட்டியை வாங்கி வீட்டில் வைத்தால், பாத்திரத்தின் முடியையும் தாடியையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த படி, உடலின் மேலும் உடையின் மேலும் போர்த்தப்பட்டிருக்கும் படங்களை மாற்றுவது. உருவம் அப்படியே இருக்கும். நிறமும் வேலைப்பாடும் மாறும். பச்சை குத்தல், முகத்தில் தழும்பு, மேலாடையில் பூவேலை எல்லாம் இந்த வகை. புதியவர்கள் இங்கிருந்து தொடங்குவதுதான் சரி. இதில் தவறு நடந்தால் ஒரு படக் கோப்பை எடுத்துவிட்டால் போதும், பழைய நிலை திரும்பிவிடும்.

மூன்றாவதுதான் உருவத்தையே கழற்றிவிட்டு நீங்கள் வடிவமைத்த வேறோர் உருவத்தைப் பொருத்துவது. அதற்கு ஏழாம் படியில் வருகிறேன்.

2. செலவுக் கணக்கு

மோட்களுக்குக் காசு இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மோட் தருகிறேன் என்று பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வால்ஹெய்மை உருவாக்கிய அயர்ன் கேட் நிறுவனமே மோட்களை விற்க வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கீழே சொல்லும் மென்பொருள்கள் எல்லாமே இலவசம்.

எனவே முதல் செலவு கேமின் விலைதான். அவசரம் இல்லையென்றால் ஸ்டீமின் பருவகாலத் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். யூபிஐ மூலம் பணம் கட்டலாம், கிரெடிட் கார்டு வேண்டியதில்லை. ரசீது மின்னஞ்சலில் வரும், அதை அழிக்காதீர்கள். கணக்கில் ஏதாவது சிக்கல் வந்தால் அது உங்களுடையதுதான் என்று காட்ட உதவும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். மோட் வேலை செய்கிறதா என்று கேமைத் திறந்து திறந்து மூடும் நேரமும் அந்த 2 மணியில் சேரும். உங்கள் லேப்டாப்பில் கேம் ஒழுங்காக ஓடுகிறதா என்பதை முதல் ஒரு மணி நேரத்தில், எந்த மோடும் இல்லாமல் பார்த்துவிடுங்கள். திணறினால் அப்போதே திருப்பிக் கொடுங்கள். மோட் போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கணினிக்கு 8 ஜிபி ரேம் கட்டாயம். உருவம் முழுவதையும் மாற்றுவதாக இருந்தால் 16 இருப்பது நல்லது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெல்லிய லேப்டாப்புகளில் படங்களை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறிய யூபிஎஸ் அவசியம். 600 விஏ அளவுள்ளது மூவாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். சில நிமிடங்கள்தான் தாங்கும். கேமை ஒழுங்காக மூடுவதற்கு அது போதும். லேப்டாப் என்றால் அதன் பேட்டரியே யூபிஎஸ். ஆனால் பேட்டரி செத்துப்போய் எப்போதும் சார்ஜரிலேயே ஓடும் பழைய லேப்டாப் மேசைக் கணினிக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றோடு 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று வேண்டும்.

3. பதிவிறக்க வேலையை ஒரே மூச்சில் முடியுங்கள்

கேம் பெரியதல்ல, வட்டில் 1 ஜிபி இடம் இருந்தால் போதும் என்று ஸ்டீம் பக்கம் சொல்கிறது. இந்த அளவு மொபைல் டேட்டாவிலேயே இறங்கிவிடும். சிக்கல் அளவில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. தேயிலைக் காட்டுக்குள் இருக்கும் வீடுகளில் சிக்னல் ஒரு ஜன்னலோரத்தில் இருக்கும், அடுத்த அறையில் இருக்காது. மூடுபனி மழையாக மாறினால் அந்த ஜன்னலோரமும் போய்விடும். ஸ்டீம் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிரவுசர் பல சமயம் தொடராது. பாதியில் நின்ற ஜிப் கோப்பு பார்ப்பதற்கு முழுக் கோப்பைப் போலவே இருக்கும். திறந்தால்தான் குட்டு வெளிப்படும். இறக்கிய ஒவ்வொரு ஜிப்பையும் உடனே திறந்து பாருங்கள்.

ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரி நகருக்குள்ளோ ஃபைபர் இணைப்பு உள்ள நண்பர் வீடு இருந்தால், ஒரு மதியம் லேப்டாப்போடு போய் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். லேப்டாப்பைத் தூக்கிப் போக முடியாதவர்களுக்கும் வழி உண்டு. நண்பரின் கணினியில் உங்கள் ஸ்டீம் கணக்கைத் திறந்து கேமை இறக்கி, அதன் பண்புகள் பகுதியில் இருக்கும் பேக்கப் வசதியைக் கொண்டு பென் டிரைவில் எழுதிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து அதிலிருந்தே நிறுவலாம். அங்கிருந்து கிளம்பும் முன் உங்கள் கணக்கிலிருந்து வெளியேற மறக்காதீர்கள்.

நீங்கள் இறக்க வேண்டியவை: ஆர்2மோட்மேன் என்ற மோட் மேலாளர், மோட்களை கேமுக்குள் ஏற்றும் பெப்பின்எக்ஸ் தொகுப்பின் வால்ஹெய்ம் பதிப்பு, படங்களை மாற்றும் கஸ்டம் டெக்ஸ்சர்ஸ் மோட், படம் வரைய கிம்ப் அல்லது கிரிட்டா. உருவத்தையும் மாற்றப் போகிறீர்கள் என்றால், உருவம் வடிவமைக்கும் விராய்ட் ஸ்டூடியோவும் அதை கேமில் பொருத்தும் வால்ஹெய்ம் விஆர்எம் மோடும் சேர்த்து. மோட்கள் தண்டர்ஸ்டோர், நெக்ஸஸ் மோட்ஸ் என்ற இரண்டு தளங்களில் கிடைக்கும். தண்டர்ஸ்டோரில் இறக்கக் கணக்கு வேண்டாம். நெக்ஸஸில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். அதை வீட்டிலேயே தொடங்கி மின்னஞ்சலை உறுதிசெய்துவிட்டுப் போனால் நண்பர் வீட்டில் நேரம் வீணாகாது.

இந்த இரண்டையும் தவிர வேறு எங்கும் மோட் எடுக்க வேண்டாம். மோட் என்பது உங்கள் கணினியில் ஓடும் நிரல். யாரோ வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய டிஎல்எல் கோப்பை கேம் ஃபோல்டரில் போடுவது, முகம் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

எந்த மாதம் உகந்தது என்று கேட்டால், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தவிருங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் அதிகம் படுத்தும். அக்டோபர், நவம்பரில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள் உள்ளூர்ச் செய்தியில் வரும். அந்த நாளில் புதிதாக எதையும் நிறுவத் தொடங்காதீர்கள்.

4. பாத்திரக் கோப்பைப் பிரதி எடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் திரும்பச் செய்துகொள்ளலாம். இழந்த பாத்திரத்தை மட்டும் திரும்பப் பெற முடியாது.

வால்ஹெய்மில் உலகம் வேறு, பாத்திரம் வேறு. உலகம் இரண்டு கோப்புகளாகச் சேமிக்கப்படுகிறது. பாத்திரம் எஃப்சிஹெச் என்று முடியும் ஒரே கோப்பு. உங்கள் தோற்றம், திறன் அளவுகள், கையிலுள்ள பொருள்கள், நீங்கள் நடந்து திறந்த வரைபடம் எல்லாமே அந்த ஒன்றுக்குள் இருக்கின்றன. வரைபடமும் அதிலா என்று பலர் வியப்பார்கள். ஆமாம், உலகக் கோப்பு பத்திரமாக இருந்தாலும் பாத்திரக் கோப்பு போனால் மாதக்கணக்கில் கப்பலோட்டிக் கண்டுபிடித்த கரையெல்லாம் மறுபடி இருட்டாகிவிடும்.

விண்டோஸில் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்று ஒன்று மறைந்திருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை இயக்கினால் தெரியும். அதற்குள் லோக்கல்லோ, அதற்குள் அயர்ன்கேட், அதற்குள் வால்ஹெய்ம். அந்த வால்ஹெய்ம் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவுக்கு நகலெடுத்து, பெயரோடு தேதியைச் சேர்த்து வையுங்கள்.

போய்ப் பார்த்தால் உங்கள் பாத்திரத்தின் பெயரில் கோப்பே இல்லை என்றால் பயப்பட வேண்டாம். அது ஸ்டீம் கிளவுடில், அதாவது ஸ்டீமின் இணையச் சேமிப்பில், இருக்கிறது. கேமின் சேமிப்பு நிர்வாகத் திரையைத் திறந்து, அந்தப் பாத்திரத்தைக் கணினிக்கு நகர்த்துங்கள். மோட் போட்டு விளையாடும் பாத்திரத்தைக் கணினியில் வைத்துக்கொள்வதே நல்லது. இணையம் விட்டு விட்டு வரும் ஊரில், கிளவுடில் இருப்பது புதியதா, கணினியில் இருப்பது புதியதா என்று ஸ்டீம் கேட்கும்; தவறான பதிலை அழுத்தினால் பழையது வந்து புதியதை மூடிவிடும்.

கேம் சேமிக்கும் நேரத்தில் மின்சாரம் போய், மறுபடி திறக்கும்போது பாத்திரம் பட்டியலில் இல்லையென்றால், அதே இடத்தில் பெயரின் கடைசியில் பழையது என்ற பொருளில் ஓல்ட் என்று முடியும் கோப்பு இருக்கும். கெட்டுப்போனதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, இந்தப் பழைய கோப்பின் நகலில் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் நீக்குங்கள். முந்தைய சேமிப்பு திரும்பிவிடும். நேரடியாகப் பெயரை மாற்றாமல் நகலெடுத்து மாற்றச் சொல்வது, உங்களிடம் இருக்கும் கடைசிப் பிரதி அதுவாக இருக்கலாம் என்பதால்தான்.

சோதனைக்கு என்று தனியாக ஒரு பாத்திரமும் ஒரு புதிய உலகமும் உருவாக்கிக்கொள்ளுங்கள். எந்த மோடும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

5. மோட் மேலாளரை நிறுவுங்கள்

பெப்பின்எக்ஸ் என்பது கேம் தொடங்கும்போதே தானும் தொடங்கி, மோட்களை உள்ளே ஏற்றிவிடும் அடித்தளம். அதைக் கையால் கேம் ஃபோல்டரில் போடலாம். நான் பரிந்துரைப்பது ஆர்2மோட்மேன் வழி. காரணம், அது மோட்களை கேம் ஃபோல்டருக்கு வெளியே ஒரு தொகுப்பாக வைத்திருக்கும். மோடோடு தொடங்கு, மோட் இல்லாமல் தொடங்கு என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஏதாவது கெட்டால் இரண்டாவதை அழுத்தினால் சுத்தமான கேம் கிடைக்கும்.

ஆர்2மோட்மேனை நிறுவி, கேம் பட்டியலில் வால்ஹெய்மைத் தேர்ந்தெடுத்து, ஸ்டீம் என்று சொல்லி, தோற்றச் சோதனை என்ற பெயரில் புதிய தொகுப்பு ஒன்றைத் தொடங்குங்கள். தொகுப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது பாதுகாப்பு. பென் டிரைவில் கொண்டுவந்த ஜிப்களை ஏற்ற அமைப்புகள் பகுதியில் தனி வசதி இருக்கிறது, இணையம் தேவைப்படாது.

முதலில் பெப்பின்எக்ஸை மட்டும் ஏற்றி, கேமை ஒருமுறை மோடோடு தொடங்குங்கள். ஒரு கறுப்பு ஜன்னல் திறந்து வரிகள் ஓடும். பயப்பட ஒன்றுமில்லை, அது பெப்பின்எக்ஸ் தன் வேலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. முதன்மைத் திரை வந்தால் அடித்தளம் சரி. கறுப்பு ஜன்னல் வரவே இல்லையென்றால் ஆன்டிவைரஸ் ஏதாவது கோப்பைப் பிடித்து ஒதுக்கி வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெப்பின்எக்ஸ் கேமுக்குள் நுழைய ஒரு டிஎல்எல் கோப்பைப் பயன்படுத்துகிறது; சில ஆன்டிவைரஸ்கள் அதைச் சந்தேகப்படும். அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். ஆன்டிவைரஸையே நிறுத்திவிடச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள்.

இது சரியான பிறகு கஸ்டம் டெக்ஸ்சர்ஸ். ஒரு நேரத்தில் ஒரு மோட்தான். பத்தை ஒன்றாக ஏற்றி, கேம் திறக்காவிட்டால், எது காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் முழுவதும் போய்விடும்.

6. முதல் மாற்றம்: உடலும் மேலாடையும்

கஸ்டம் டெக்ஸ்சர்ஸ் செய்வது எளிய வேலை. அதன் ஃபோல்டரில் குறிப்பிட்ட பெயரில் ஒரு பிஎன்ஜி படத்தை வைத்தால், கேமில் அந்தப் பெயருக்குரிய படத்துக்குப் பதிலாக உங்கள் படத்தைக் காட்டும். முழு வெற்றியும் பெயரில் இருக்கிறது. முதல் பகுதி அது என்ன வகைப் பொருள் என்பது, நடுவில் கேமுக்குள் அதன் உட்பெயர், கடைசியில் எந்த அடுக்கு என்பது. ஓர் அடிக்கோடு தவறினாலும் எதுவும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. கேமில் நீங்கள் பார்க்கும் பெயரும் உட்பெயரும் ஒன்றல்ல. உட்பெயர்களைப் பட்டியலாக எழுதித் தரும் அமைப்பு ஒன்று மோடின் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. அதை ஒருமுறை இயக்கி, பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடி அணைத்துவிடுங்கள்.

மூலப் படத்தைக் கேமிலிருந்து எடுக்க அசெட்ரிப்பர் போன்ற இலவசக் கருவி உதவும். மூலப் படம் இல்லாமல் வரையத் தொடங்காதீர்கள். உடல் படத்தைத் திறந்தால் மனித உருவம் தெரியாது. தோல் உரித்துத் தட்டையாக விரித்ததுபோல் முகம் ஓரிடம், கை ஓரிடம், கால் ஓரிடம் என்று கிடக்கும். எது எங்கே என்று அறிய, முதலில் ஒவ்வொரு பகுதியிலும் பளிச்சென்ற வேறு வேறு நிறத்தைத் தீட்டி கேமில் போட்டுப் பாருங்கள். சிவப்பு எங்கே விழுந்தது, மஞ்சள் எங்கே விழுந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் பிறகு தடுமாற்றம் இல்லை. படத்தின் அளவை மூலத்தைப் போலவோ அதன் இரட்டிப்பாகவோ வையுங்கள்: 512, 1024, 2048 என்ற வரிசையில்.

தோல் நிறத்தில் இருக்கும் பொறிதான் பெரியது. பாத்திரம் உருவாக்கும்போது நீங்கள் நகர்த்தும் தோல் நிறப் பட்டை, உடல் படத்தின் நிறத்தோடு பெருக்கப்படுகிறது. நம் ஊர் மனிதர்களைப் போன்ற மாநிறம் வேண்டும் என்று படத்திலேயே அந்த நிறத்தைத் தீட்டிவிட்டு, பட்டையையும் கறுப்புப் பக்கம் வைத்திருந்தால், இரண்டும் சேர்ந்து முகமே தெரியாத அளவுக்கு இருண்டுவிடும். மாலை நேரக் காட்டில் கண் மட்டும்தான் தெரியும். நிறத்தைப் படத்தில் தீட்டுவதென்றால் பட்டையை மிக வெளிர் பக்கம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். முடியும் அப்படித்தான். முடியின் படத்தைச் சாம்பல் நிறத்தில் விட்டு, நிறத்தைப் பட்டையிடம் விட்டுவிடுவது எப்போதும் நல்ல பலன் தரும்.

உடலில் பச்சை குத்தி, கேமில் போய்ப் பார்த்தால் காணவில்லையா? கவசத்தைக் கழற்றிப் பாருங்கள். வால்ஹெய்மில் மார்புக் கவசமும் கால் கவசமும் தனி வடிவங்களாக மட்டும் வருவதில்லை. அவற்றின் படம் உடலின் மேலேயே போர்த்தப்படுகிறது. ஆகவே தொடக்க காலத் தோல் கவசத்தைப் போட்டாலும் உங்கள் வேலை மறைந்துவிடும். எப்போதும் தெரிய வேண்டியதை முகத்தில் வரையுங்கள். அல்லது மேலாடையைத் தேர்ந்தெடுங்கள்.

மேலாடைதான் என் விருப்பம். முதுகில் தொங்கும் துணி, விளையாடும் நேரம் முழுவதும் உங்கள் கண்முன் இருப்பது அதுதான். மான்தோல் மேலாடையை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே செய்துவிடலாம் என்பதால் சோதனைக்கு வசதி.

நம் மலையில் இதற்கு ஏற்ற வேலைப்பாடு கண்முன்னே இருக்கிறது. தோடர் பெண்கள் பூத்துக்குளி என்ற வெள்ளைச் சால்வையில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூவேலையைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலை துணியில் கோடு வரைந்து வைத்துக்கொண்டு செய்வதல்ல. ஊடும் பாவுமாக உள்ள இழைகளை எண்ணி எண்ணி ஊசி போடுகிறார்கள். அதனால் அந்த வடிவங்கள் கட்டம் கட்டமாகவே பிறக்கின்றன. வால்ஹெய்மின் படங்களும் வேண்டுமென்றே குறைந்த நுணுக்கத்தில், கட்டங்கள் தெரியும்படி வரையப்பட்டவை. ஓர் இழைக்கு ஒரு புள்ளி என்று கணக்கு வைத்து, கிம்ப்பில் பென்சில் கருவியால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனால், பட்டை அழகாக விழுகிறது. தூரிகைக் கருவியைத் தொடாதீர்கள். அது ஓரங்களைக் குழப்பிவிடும். சால்வையின் புகைப்படத்தைச் சுருக்கி ஒட்டுவதும் சரிவராது. சிவப்பும் கறுப்பும் கலந்து ஒரு பழுப்புக் கறையாகத்தான் தெரியும். வெள்ளையைத் தூய வெள்ளையாக வைக்காமல் சற்று மங்கலாக வையுங்கள். இல்லையென்றால் வெயில் காட்சியில் கண் கூசும்.

ஒரு வேண்டுகோள். தோடர் பூவேலை 2013 முதல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை. உங்கள் சொந்தப் பாத்திரத்துக்கு அந்தப் பாணியில் வரைந்துகொள்வது ஒன்று. அதைப் பொதுவில் மோடாக வெளியிடுவது வேறு. வெளியிடும் எண்ணம் இருந்தால் தோடர் குடியிருப்பான மந்துக்குப் போய் அந்த வேலை செய்யும் பெண்களிடம் கேளுங்கள். சில வடிவங்களுக்கு அவர்களிடையே சடங்கு சார்ந்த இடம் உண்டு. எதைப் பயன்படுத்தலாம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். வெள்ளை உடுத்திய படகர் பெரியவர்களின் தலைப்பாகையை வரைய நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

படத்தை மாற்றும்போதெல்லாம் கேமை மூடித் திறக்க வேண்டியதில்லை. படங்களை மறுபடி ஏற்றும் விசை ஒன்று அமைப்புக் கோப்பில் குறிக்கப்பட்டிருக்கும். வரைந்து, சேமித்து, விசையை அழுத்திப் பாருங்கள். பேட்டரியில் ஓட்டும்போது இது பெரிய மிச்சம்.

7. உருவம் முழுவதையும் மாற்றுவது

விராய்ட் ஸ்டூடியோவில் முகம், கண், முடி, உடை எல்லாவற்றையும் இழுத்து நகர்த்தி ஓர் உருவத்தை வடிவமைக்கலாம். ஜப்பானிய அனிமே பாணியில்தான் வரும். அந்தப் பாணி பிடிக்காதவர்கள் ஆறாம் படியோடு நில்லுங்கள். முடித்ததும் விஆர்எம் கோப்பாக வெளியே எடுக்க வேண்டும். அப்போது 0.0, 1.0 என்று இரண்டு பதிப்புகளைக் காட்டும். மோடின் பக்கம் வேறு விதமாகச் சொல்லாத வரை 0.0 எடுங்கள். அதே திரையில், உருவத்தைக் கட்டும் சிறு துண்டுகளான பலகோணங்களைக் குறைக்கவும் படங்களை ஒன்றாகச் சேர்க்கவும் வசதி இருக்கிறது. முடியின் பலகோணங்களைத் தாராளமாகக் குறைக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. குறைக்காமல் போட்டால் சாதாரண லேப்டாப் மூச்சுவாங்கும்.

வால்ஹெய்ம் விஆர்எம் மோடுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிளைப் பதிப்புகள் சுற்றுகின்றன. கடைசியாகப் புதுப்பித்த தேதியைப் பார்த்து எடுங்கள். இதை நிறுவும்போது சில கோப்புகளை கேமின் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே போட வேண்டியிருக்கும். எந்தக் கோப்பை எங்கே போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு நீக்கும்போது அந்தத் தாள்தான் வழிகாட்டும். விஆர்எம் கோப்பின் பெயரும் உங்கள் பாத்திரத்தின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். உருவம் மாறவில்லை என்று புலம்புபவர்களில் பெரும்பாலோருக்குச் சிக்கல் இங்கேதான்.

உருவம் வந்தபின் இரண்டு விஷயங்கள் உறுத்தும். ஒன்று உயரம்: பாத்திரத்தின் பெயரில் இருக்கும் அமைப்புக் கோப்பில் அளவு என்ற எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். மற்றது வெளிச்சம்: இரவிலும் உங்கள் உருவம் மட்டும் விளக்குப் போட்டதுபோல் இருக்கும். அதே கோப்பில் வெளிச்ச அளவைக் குறையுங்கள். பகலில் பார்த்துச் சரிசெய்யாதீர்கள். நள்ளிரவில், நெருப்பு இல்லாத இடத்தில் நின்று பார்த்தால்தான் உண்மை தெரியும். கவசம் அணிந்தாலும் உருவத்தின் மேல் தெரியாது. காப்பு வேலை செய்யும், காட்சிதான் இல்லை.

8. உரிமம் என்ற ஆவணம்

நீங்களே வடிவமைத்த உருவம் என்றால் கவலை இல்லை. இணையத்தில் கிடைத்த விஆர்எம் கோப்பு என்றால் அதற்குள்ளேயே உரிமக் குறிப்பு எழுதப்பட்டிருக்கும்: யார் பயன்படுத்தலாம், சண்டைக் காட்சிகளில் பயன்படுத்தலாமா, மாற்றலாமா, மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா என்று. வால்ஹெய்ம் வெட்டும் குத்தும் நிறைந்த கேம் என்பதால் இரண்டாவதைக் கட்டாயம் பாருங்கள். அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை எடுத்து உருவக் கோப்போடு சேர்த்து வையுங்கள். பக்கம் நாளை மாறிவிடலாம்.

கேமிலிருந்து எடுத்த மூலப் படங்கள் அயர்ன் கேட்டுக்குச் சொந்தம். அவற்றை அப்படியே யாருக்கும் அனுப்பாதீர்கள்.

9. நண்பர்களோடு விளையாடும்போது

தோற்ற மோட்கள் உங்கள் திரையில் மட்டும்தான் வேலை செய்யும். மோட் இல்லாத நண்பருக்கு நீங்கள் பழைய வைக்கிங்தான். அவருக்கும் தெரிய வேண்டுமென்றால் அதே மோடும் அதே கோப்புகளும் அவரிடமும் இருக்க வேண்டும். ஆர்2மோட்மேனில் தொகுப்பை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். சர்வர் மற்றவருடையது என்றால் நுழையும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். சில சர்வர்கள் மோட் பட்டியலைச் சரிபார்த்து, பொருந்தாதவர்களை வெளியே நிறுத்தும்.

புதிய முடிவகைகளைச் சேர்க்கும் மோட்களில் மட்டும் தனி எச்சரிக்கை. எந்த முடி என்ற தகவல் பாத்திரக் கோப்பில் எழுதப்படுகிறது. மோடை நீக்கியபின் அந்தப் பெயரில் முடி இல்லாததால் பாத்திரம் மொட்டைத் தலையோடு வந்து நிற்கும். நீக்கும் முன் கேமின் சொந்த முடி ஒன்றுக்கு மாறிச் சேமித்துவிடுங்கள்.

10. அப்டேட் வந்த நாளில்

கேம் அப்டேட் ஆனால் மோட்கள் உடையும் வாய்ப்பு அதிகம். ஸ்டீமில் வால்ஹெய்மின் பண்புகளுக்குப் போய், தொடங்கும்போது மட்டும் அப்டேட் செய் என்று மாற்றி வையுங்கள். அப்டேட் காத்திருக்கிறது என்று தெரிந்தால், ஸ்டீமை ஆஃப்லைன் நிலையில் திறந்து பல சமயம் பழைய பதிப்பிலேயே தொடரலாம். ஒருமுறையாவது இணையத்தோடு உள்நுழைந்திருந்தால்தான் ஆஃப்லைன் நிலை கிடைக்கும் என்பதால், மழைக்காலம் தொடங்கும் முன் அதைச் சோதித்துவிடுங்கள்.

அப்டேட் இறங்கிவிட்டது, கேம் திறக்கவில்லை. அப்போது செய்ய வேண்டியவை இந்த வரிசையில்: மோட் இல்லாமல் தொடங்கிப் பாருங்கள். திறந்தால் உங்கள் பாத்திரம் பத்திரம். அந்த நிலையில் அதைக் கொண்டு விளையாட வேண்டாம், மூடிவிடுங்கள். பிறகு பெப்பின்எக்ஸ் ஃபோல்டரில் இருக்கும் பதிவேட்டுக் கோப்பை (லாக்) நோட்பேடில் திறந்து, பிழை என்று குறித்திருக்கும் முதல் வரியைத் தேடுங்கள். அதற்குக் கீழே வரும் நூறு பிழைகளும் பெரும்பாலும் அந்த முதல் பிழையின் வால்தான். அந்த வரியில் எந்த மோடின் பெயர் இருக்கிறதோ அதை ஆர்2மோட்மேனில் அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். மோடின் பக்கத்தில் புதிய பதிப்பு வந்திருந்தால் அதை இறக்குங்கள். வரவில்லையென்றால் சில நாள் பொறுங்கள். மோட் செய்தவர்கள் சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள். அவர்களிடம் உதவி கேட்கும்போது பதிவேட்டுக் கோப்பை முழுவதுமாக இணைத்து, கேமின் பதிப்பு எண்ணையும் மோடின் பதிப்பு எண்ணையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.